அக்கம்பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தார். சுற்றிலும் பெருங்கூட்டம். கைகொடுக்க ஒருவர்கூட வரவில்லை. மனிதர்களிடம் ஈரமே வற்றிவிட்டதா?

பதில்: வற்றவில்லை. அங்கே கூட்டம் இருந்ததுதான் கோளாறு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-இல் வெளியிட்ட சோதனையில், வேறோர் அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கவைத்தார்கள். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. 'வேறு யாராவது போயிருப்பார்கள்' என்ற எண்ணமே காலைக் கட்டிப்போட்டது.

ஆகவே பொத்தாம்பொதுவாக 'யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க' என்று கத்தாதீர்கள். ஒருவரின் கண்ணைப் பார்த்து, அடையாளம் சொல்லிக் கேளுங்கள்: 'நீலச் சட்டை தம்பி, ஆம்புலன்ஸுக்கு நீங்க போன் பண்ணுங்க. எப்ப வருதுன்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க.' இன்னொருவரை வண்டிகளை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கும் என்று தோன்றினால், பதற்றத்தில் அவரைத் தூக்கி உட்காரவைக்க வருகிறவர்களைத் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. ஆண்டு விழா நடத்தியும் பலனில்லையே?

பதில்: ஆண்டு விழாவால் பழக்கம் வராது, கணக்கு உதைக்கிறது. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் கண்டபடி, புதிதாக அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு மணி நேர விழா என்றால் 12 ஆண்டுக்கு மேல் ஆகும். வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஒரே ஆண்டு.

இடத்தைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழு 1950-இல் வெளியிட்ட நூல், யார் யாருக்கு நண்பர் என்பதில் வாசல்களின் நெருக்கத்துக்கும் படிக்கட்டு இருக்கும் இடத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. ஆகவே மொட்டை மாடியோ மூடிய அரங்கமோ வேண்டாம். எல்லாரும் கடந்தே ஆகவேண்டிய படிக்கட்டின் அடியில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கூடுங்கள். அங்கே இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராகப் போடுங்கள். வரிசையாகச் சுவரோடு ஒட்டிப் போட்டால் உட்காருவார்கள், பேசமாட்டார்கள்.

கிழமையும் நேரமும் மாறவே கூடாது. கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்: தொட்டிச் செடிக்கு மண் மாற்றுவது, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவது, கிழிந்த புத்தகங்களை ஒட்டுவது. சும்மா உட்காரவைத்தால் கூச்சக்காரர்கள் மறுவாரம் வரமாட்டார்கள். முதல் வாரம் மூன்று பேர் போதும். மைக், மேடைப்பேச்சு, சந்தா எதுவும் கூடாது. இப்படித் தொடங்குவது சில வாரங்களிலேயே படுத்துவிட்டால், பெரும்பாலும் எல்லாச் சுமையும் தொடங்கியவர் தலையிலேயே விழுந்திருக்கும். முதல் நாளிலிருந்தே பொறுப்பை இரண்டு பேர் ஏற்று, மாதம் ஒருமுறை கைமாற்றுங்கள். வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். அங்கே சச்சரவு தலைதூக்கினால் உடனே நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

கேள்வி: பொதுக்கூடத்தைக் குப்பையாக விட்டுப்போகிறவர்களுக்கு அபராதம் போடலாமா?

பதில்: எடுத்த எடுப்பில் வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. தாமதம் குறைவதற்குப் பதில் கூடியது. காப்பகத்தில் ஒருவரைக் காக்கவைக்கிறோமே என்ற உறுத்தல் போய், 'அதற்குத்தான் பணம் கட்டுகிறோமே' என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

பொதுவளங்களை மக்களே பராமரிப்பதை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், காலங்காலமாக நிலைத்த அமைப்புகளில் தண்டனை படிப்படியாகவே ஏறுவதைக் கண்டார். நீங்களும் முதல் முறை தனியே அழைத்துச் சொல்லுங்கள். இரண்டாம் முறை இருவர் போய்ப் பேசுங்கள். அதற்கும் மேல் என்றால் ஒரு மாதம் அவருக்குக் கூடம் கிடையாது. ஆனால் அதற்கெல்லாம் முன்பு, துடைப்பமும் குப்பைத்தொட்டியும் கண்ணில் படும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றைப் பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டு அடுத்தவர் ஒழுக்கத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

கேள்வி: தனியாக வாழும் பக்கத்து வீட்டு அம்மா, 'உதவி வேண்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அப்படிக் கேட்டால் 'வேண்டாம்' என்பதுதான் யாருக்கும் முதலில் வாயில் வரும். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லும் சங்கடத்தையும் அவர் மேலேயே போடுகிறீர்கள். 'நாளைக்கு மருந்துக் கடைக்குப் போறேன்மா, உங்க சீட்டையும் கொடுங்க' என்று கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல், அடுத்த முறை போகும்போதும் அதேபோல் கேளுங்கள். அவரிடமிருந்தும் ஓர் உதவி பெறுங்கள்: நீங்கள் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்து வையுங்கள். வாங்கிக்கொண்டே இருப்பது யாருக்கும் பாரம்தான். தானும் கொடுக்கிறோம் என்று ஆனால், மருந்துச் சீட்டை அவரே நீட்டுவார்.