பொடக்காணியில் தேங்கும் தண்ணீர், வாசலுக்குப் பேவர் பிளாக்: எது முதலில்?

கேள்வி: அரவக்குறிச்சி பக்கம் எங்களுக்கு 12 சென்ட் மனை. அப்பா கட்டிய ஓட்டு வீடு, பின்னால் இரண்டு அறைக்குத் தார்சு (கான்கிரீட் கூரை). மொத்தக் கூரை ஆயிரம் சதுர அடி இருக்கும். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், வாரக் கடைசியில்தான் ஊருக்கு வருகிறேன். அம்மாவும் அப்பாவும் இரண்டு மாடு, பத்துக் கோழியோடு இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிச் சீர்செய்ய ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். சுற்றுச்சுவர், வாசல் முழுக்கப் பேவர் பிளாக், 20 பழக்கன்று (வேனில் விற்க வந்தவர் ஆப்பிள், அவகாடோகூடக் காய்க்கும் என்கிறார்), காய்கறித் தோட்டம், கொஞ்சம் புல்தரை என்று திட்டம். கூடவே சில தொல்லைகள்: குளியலறைத் தண்ணீர் பொடக்காணியில் (வீட்டுப் பின்புறத்தில்) தேங்கிக் கொசு மொய்க்கிறது. சமையல்கட்டுச் சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மூன்று தென்னையிலும் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல இருக்கிறது. கறிவேப்பிலை மூன்று வருடமாக மஞ்சளாகவே நிற்கிறது, புது இலையில் நரம்பு மட்டும் பச்சை. போர் தண்ணீர் உப்பு. கையால் வரைந்த மனைப் படம் இணைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. எழுத்தை மட்டும் படித்திருந்தால் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒவ்வொரு மருந்து எழுதியிருப்பேன். படத்தில் பார்த்தால் குளியலறைக் குழாய், சமையல்கட்டுச் சுவர், கறிவேப்பிலை மூன்றும் ஒரே மூலையில் இருக்கின்றன. மனையும் அந்த மூலைக்குத்தான் சரிகிறது. சாணிக் குப்பை முதல் தென்னையிலிருந்து பதினைந்தடி. ஆக, தண்ணீருக்கும் எருவுக்கும் இடம் மாற்றிக் கொடுத்தால் உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவை அதோடு அடங்கும். வாசலுக்குக் கல் பதிப்பது கடைசி வேலை.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு வாசலை முழுக்க சிமெண்ட் பூசினேன். பார்க்க வழுவழுவென்று கோயில் பிராகாரம் மாதிரி இருந்தது. அந்த ஐப்பசியில் பெய்த முதல் பெருமழை திண்ணை ஏறி நடைக்குள் வந்துவிட்டது. அதுவரை மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீருக்கு நானே வழியை அடைத்திருந்தேன். பாதியை உடைத்து எடுத்தேன். பூசின கூலியைவிட உடைத்த கூலி அதிகம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். கரூர் மாவட்டத்தில் வருடத்துக்கு சுமார் 650 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். சிதறல், ஆவி என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் உங்கள் கூரையிலிருந்து 48 ஆயிரம் லிட்டர் கிடைக்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் நாலு லாரித் தண்ணீர், அதுவும் உப்பில்லாத தண்ணீர். இப்போது அது அத்தனையும் தாழ்வாரத்திலிருந்து கொட்டி, சுவரடி மண்ணைக் கரைத்து, சுவருக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஓட்டின் கீழ்விளிம்பில் ஆறு அங்குல பிவிசி குழாயை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, இரும்புப் பட்டையால் பிடித்துக் கட்டுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். தார்சுத் தண்ணீரையும் அதோடு சேர்த்து இரண்டாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் விடுங்கள். பருவத்தின் முதல் மழையில் ஓட்டுத் தூசி, பறவை எச்சம் எல்லாம் வரும். அதை மட்டும் வெளியே திருப்பிவிடத் தொட்டிக்கு முன் குழாயில் திறந்து மூடும் ஒரு மூடி வையுங்கள். 50 மி.மீ. மழை ஒன்று அடித்தாலே நாலாயிரம் லிட்டருக்கு மேல் வரும் என்பதால் தொட்டி நிரம்பி வழிவது நிச்சயம். வழிவதைப் போருக்குப் பத்தடி தள்ளி, மூன்றடி அகலம், மூன்றடி நீளம், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து அதில் விடுங்கள். கீழே பெரிய கல், நடுவில் சல்லி, மேலே ஓரடி மணல். ஊரில் சிலர் கூரைக் குழாயை நேராகப் போருக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். அந்தத் தவறு வேண்டாம். கூரை அழுக்கு அப்படியே நிலத்தடிக்குப் போய்விடும். நம் மாநிலத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நிறைய வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, அது போய்ச் சேரும் குழியைத்தான் காணோம்.

அடுத்தது குளியலறைத் தண்ணீர். மூன்று பேர் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவினால் நாளைக்கு 250 லிட்டராவது வெளியே வரும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும் என்பதால் ஒரு வாரம் எங்கும் நிற்காதபடி அதை ஓடவிட வேண்டும். குழாயை நீட்டிச் சுவரிலிருந்து பன்னிரண்டடி தள்ளிக் கொண்டுபோய், இரண்டடி ஆழக் குழியில் உடைகல்லும் சல்லியும் போட்டு நிரப்பி, அதன் மேல் கல்வாழை நட்டுவிடுங்கள். சோப்பு நுரையும் அழுக்கும் அங்கே தங்கும். அங்கிருந்து இரண்டு வாய்க்கால் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூன்று மூன்று வாழை. ஒரு வாரம் ஒரு வாய்க்கால், மறுவாரம் மற்றொன்று என்று ஒரு கல்லை மாற்றி வைத்தால் போதும். ஒரே இடத்தில் தினமும் விட்டால் மண் அடைத்துக்கொண்டு நாற ஆரம்பிக்கும். மொந்தன் வைத்தால் காய்க்கும் இலைக்கும் ஆகும். துணி துவைக்கிற தண்ணீரில் உப்பு அதிகம். அதைத் தனியாகப் பிரிக்க முடிந்தால் தென்னைக்கு விடுங்கள், தென்னை உப்பைத் தாங்கும். இந்தத் தண்ணீரைக் கீரைக்கும் பச்சையாகக் கடிக்கிற காய்க்கும் விடக் கூடாது. கழிவறைத் தண்ணீரை இதோடு சேர்க்கவே கூடாது. அதன் உறிஞ்சுகுழி உங்கள் போரிலிருந்து அறுபதடியாவது தள்ளி இருக்கிறதா என்றும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

சமையல்கட்டுச் சுவருக்கு உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஓதம் ஏறும் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அடுத்த வருடம் நெஞ்சளவுக்குப் பூச்சு உதிரும். முதலில் சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண் போட்டு மெத்தி, வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். அந்த மூன்றடியில் செடி வைக்காதீர்கள். தொட்டிச் செடிகூட வேண்டாம், கரையான் வர அதுவே பாலமாகும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சாகப் பூசுங்கள். ஓட்டு இடுக்கிலோ சுவர் விரிசலிலோ அரசங்கன்று முளைத்திருந்தால் இப்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். சாமி மரம் என்று அம்மா தயங்கினால் குளத்தங்கரையில் கொண்டுபோய் நட்டுவிடலாம்.

தென்னைக்கு வருகிறேன். ஓலை விசிறிபோல வெட்டுப்பட்டிருப்பது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்துக்குள் புகுந்து, இன்னும் விரியாத ஓலையைக் கடிக்கிறது. அது விரியும்போது வெட்டுத் தெரிகிறது. வண்டு மரத்தில் இருந்தாலும் அது பிறந்து வளர்வது உங்கள் சாணிக் குப்பையில். புழு மூன்று முதல் ஆறு மாதம் எருவுக்குள்ளேயே கிடக்கும். கொழுத்து, வெள்ளையாக, வளைந்து கிடப்பதை அப்பா கட்டாயம் பார்த்திருப்பார். அதனால் குப்பையை மனையின் எதிர்மூலைக்கு மாற்றி, குழியாக வெட்டி, மாதம் ஒருமுறை முள்கரண்டியால் புரட்டுங்கள். புரட்டும் நேரத்தில் கோழிகளைத் திறந்துவிட்டால் பாதி வேலையை அவை முடித்துவிடும். பச்சை மஸ்கார்டைன் என்கிற மெட்டாரைசியம் பூஞ்சையைக் குழியில் தெளித்தால் புழுக்கள் நோய் பிடித்துச் சாகும். உயிரியல் மருந்து விற்கும் இடங்களில் கிடைக்கும், அளவு பொட்டலத்தில் இருக்கும். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் மரத்தடியில் வைத்தால் வண்டு அதில் வந்து விழும். மரம் ஏற ஆள் கிடைக்கும் நாளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்லுங்கள். கடையில் இனக்கவர்ச்சிப் பொறி காட்டுவார்கள், வாங்க வேண்டாம். அது தோப்புக்கு ஏற்றது. மூன்று மரத்துக்கு நடுவே தொங்கவிட்டால் பக்கத்துத் தோட்டத்து வண்டையெல்லாம் நீங்களே விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகும்.

மாட்டுக் கொட்டகைத் தரையையும் இந்தச் சமயத்தில் சரிசெய்துகொள்ளலாம். ஒரு மாட்டுக்குச் சுமார் 40 சதுர அடி. பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கொடுத்து, மூத்திரம் ஒரு சிறு கால்வாயில் விழுந்து எருக்குழிக்குப் போகட்டும். தரையை வழுவழுப்பாகத் தேய்க்கக் கூடாது. ஈரத்தில் கயிற்றை அழுத்திக் கோடு போட்டுவிட்டால் மாடு வழுக்காது. தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்பினாலே மதிய வெக்கை நன்றாகத் தணியும்.

கறிவேப்பிலைதான் நீங்கள் சரியாக விவரித்த ஒன்று. புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் அது இரும்புச்சத்துக் குறை. உங்கள் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு உண்டு. போதாததற்குச் சுவரோரம் வைத்திருக்கிறீர்கள். வீடு கட்டும்போது மிஞ்சிய சுண்ணாம்பும் சிமெண்டும் செங்கல் துண்டும் எப்போதும் சுவரோரத்தில்தான் புதைந்து கிடக்கும். இரண்டடி தோண்டிப் பாருங்கள், தெரியும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. இது தற்காலிகம்தான். சுவரைவிட்டு எட்டடி தள்ளி, நல்ல செம்மண்ணும் தொழு எருவும் போட்ட குழியில் புதுக் கன்று வைத்து, போர் தண்ணீருக்குப் பதில் தொட்டி மழைநீரை விடுவதே நிலையான வழி.

இப்போது உங்கள் ஆசைப் பட்டியல். இருபது பழக்கன்று பற்றி எழுதும்போது வேனில் வந்தவர் ஆப்பிள், அவகாடோ எல்லாம் காய்க்கும் என்று சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். கரூர் வெயிலில் ஆப்பிளை நம்பிக் குழி வெட்டாதீர்கள். வீடும் கொட்டகையும் தென்னையும் போக உங்களுக்கு மிஞ்சுவது ஐந்தாறு மரத்துக்கான இடம். ஒரு மா ஒட்டு, வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி. கொய்யா இரண்டு, லக்னோ 49 ரகம் நன்றாக வரும். ஓர் எலுமிச்சை, ஒரு சீத்தா. அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் வாங்கினால் ரகம் மாறாது. மாங்கன்றுக்கு மூன்றடிக் குழி. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ள வேண்டும். முருங்கை ஊரே உங்களுடையது, அதற்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் கொட்டகைக்கும் ஓட்டுக்கும் மேலே கிளை போகும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். முருங்கைக் கிளை காற்றுக்கு முறிவதற்கென்றே பிறந்தது.

காய்கறிக்கு மேற்குச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு பந்தல் போட்டு, புடலையும் பீர்க்கும் ஏற்றுங்கள். காயும் கிடைக்கும், சாயங்கால வெயில் சுவரில் படாமல் படுக்கையறையும் குளிரும். தரைப்பாத்தி மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டாம். அம்மா இரண்டு பக்கமும் நின்று எட்டிப் பறிக்க வேண்டுமே. பத்தடி நீளத்தில் ஆறு பாத்தி மூன்று பேருக்குத் தாராளம். இப்போது வைகாசி. தண்ணீர் வேலையை இந்த மாதமும், எருக்குழியையும் கொட்டகையையும் ஆனியிலும் முடித்தால் ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி, வெண்டை, அவரை விதைத்துவிடலாம். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். கோழி பாத்தியைக் கிளறும் என்பதால் நாலடி வலை அவசியம்.

சுற்றுச்சுவருக்கு ஒரு வார்த்தை. 12 சென்ட் என்றால் ஐயாயிரத்து இருநூறு சதுர அடி. சதுரமான மனை என்று வைத்துக்கொண்டாலும் சுற்றளவு 290 அடி வரும். ஒன்றரை லட்சத்தில் அது எழும்பாது, பாதியில் நிற்கும். தாத்தா காலத்துக் கிளுவை வேலியை ஏன் மறந்தீர்கள்? கைத்தடிப் பருமனில் நாலைந்தடிப் போத்து வெட்டி, நெருக்கமாக, மழை பிடிக்கும் முன்னால் ஊன்றிவிட்டால் இரண்டு வருடத்தில் ஆடு புகாத வேலி. தழையை ஆடு விரும்பித் தின்னும். முன்பக்கம் தெருவை ஒட்டி மட்டும் சுவர் எடுத்துக் கேட் போட்டுக்கொள்ளுங்கள்.

பேவர் பிளாக்கை கேட்டிலிருந்து திண்ணை வரை நாலடி அகலப் பாதைக்கு மட்டும் பதியுங்கள், அதுவும் சிமெண்ட் இல்லாமல் மணல்மேல். மிச்ச வாசல் சாணி தெளித்துக் கோலம் போடுகிற மண்ணாகவே இருக்கட்டும். புல்தரைக்கு உங்கள் உப்புப் போர் தண்ணீர் ஆகாது, அதற்கு ஊற்ற நல்ல தண்ணீர் இருந்தால் இன்னொரு பாத்தி கீரை போடலாம்.