ஜெர்மனியில் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்பீடு தேவையா? கேள்வி பதில்

இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாலிசி விற்பது என் வேலை இல்லை, வந்த கோரிக்கைக்குப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் வேலை. அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மற்றபடி தனியார் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் பற்றி, அதாவது நம்மால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கு நம் சார்பில் பணம் கட்டும் காப்பீடு பற்றி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: இது சட்டப்படி கட்டாயம் இல்லையாமே? அப்புறம் ஏன் எல்லாரும் முதலில் இதை எடு என்கிறார்கள்? நாங்கள் இருவரும் கவனமாக இருக்கிற ஆட்கள்.

ப: கட்டாயம் இல்லை, சரிதான். காருக்குக் கட்டாயம், பல மாநிலங்களில் நாய்க்குக் கட்டாயம், குடும்பத்துக்கு இல்லை. ஆனால் பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான். ஜெர்மன் சிவில் சட்டம் 1900இல் அமலுக்கு வந்தது. அதன் 823ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ இன்னொருவரின் உயிருக்கு, உடலுக்கு, பொருளுக்குக் கேடு விளைவித்தவர் ஈடு செய்தாக வேண்டும். இவ்வளவுதான் கட்ட வேண்டும் என்ற உச்சவரம்பு கிடையாது. கையில் இருக்கும் சேமிப்பு மட்டும் இல்லை, இனிமேல் வாங்கப்போகும் சம்பளத்திலும், வாழ்க்கைச் செலவுக்கென்று சட்டம் ஒதுக்கிவைக்கும் தொகை போக மீதியைப் பிடிக்கலாம். தீர்ப்பு ஒன்று வந்துவிட்டால் அது 30 வருடம் செல்லும்.

கவனமானவர்கள் என்கிறீர்கள், நம்புகிறேன். சைக்கிளில் போகும்போது ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்து, நடந்து வருகிறவர் மேல் மோதிவிட்டீர்கள் என்று வையுங்கள். அவருக்கு 35 வயது, தலையில் அடி, இனி பழையபடி வேலை செய்ய முடியாது. மருத்துவமனைச் செலவு, மறுவாழ்வு சிகிச்சை, வலிக்கான தொகை, ஓய்வு வயதுவரை இழந்த சம்பளம், சக்கர நாற்காலி போய்வர வீட்டை மாற்றிக் கட்டும் செலவு. எல்லாம் சேர்ந்தால் மில்லியன் யூரோவைத் தாண்டும். இதற்காகத்தான் இந்தக் காப்பீடு, உடைந்த ஃபோனுக்காக இல்லை.

இன்னொன்று. நம் ஆட்கள் அடிக்கடி சொல்வது, "அடிபட்டவர் எங்கள் சிநேகிதர்தான், அவர் கேஸ் போட மாட்டார்". அவர் போட வேண்டியதே இல்லை. அவருடைய சிகிச்சைக்குப் பணம் கட்டிய கிராங்கன்காஸவுக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு, அந்த உரிமை சட்டப்படி தானாகவே கைமாறிவிடும், அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். அவர் படுத்திருந்த முதல் ஆறு வாரம் சம்பளம் கொடுத்த முதலாளியும் கேட்கலாம், பென்ஷன் காப்பீடும் கேட்கலாம். சிநேகிதர் உங்கள் மேல் எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும் அவர்களை அவரால் தடுக்க முடியாது.

ஆண்டுக்கு நூறு யூரோவுக்குள் நல்ல பாலிசியே கிடைக்கிறது. எடுங்கள்.

கே: எந்தக் கம்பெனி நல்லது?

ப: முதல் பத்தியில் சொன்னேன்.

கே: வேகேயில், அதாவது ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு, நாலு மாணவர்கள் இருக்கிறோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று எடுத்தால் போதுமா?

ப: பொதுவாகப் போதாது, தம்பி. ஒரே வீட்டில் இருப்பதால் மட்டும் நீங்கள் ஒரு குடும்பம் ஆகிவிட மாட்டீர்கள், ஆளுக்கொன்று வேண்டும். கணவன் மனைவிக்கு ஒன்று போதும், சேர்ந்து வாழும் ஜோடியும் இருவர் பெயரையும் கொடுத்து ஒரே பாலிசியில் இருக்கலாம். இங்கேயே பெற்றோர் இருந்து, அவர்களிடம் குடும்பப் பாலிசியும் இருந்தால், திருமணமாகாத பிள்ளை முதல் படிப்பை முடிக்கும்வரை பெரும்பாலும் அதிலேயே அடக்கம். ஊரிலிருந்து தனியாக வந்தவருக்கு அந்த வசதி இல்லை.

ஒரே பாலிசியில் இருப்பவர்கள் ஒருவர் பொருளை மற்றவர் உடைத்தால் அது பணம் தராது. ஆளுக்கொன்று வைத்திருப்பதில் அந்த வகையிலும் லாபம்தான்.

கே: என் லேப்டாப்பில் நானே காபியைக் கொட்டிவிட்டேன். கிடைக்குமா?

ப: கிடைக்காது. உங்கள் பொருளுக்கு நீங்கள் செய்த சேதம் இதில் வரவே வராது.

கே: நண்பன் வீடு மாறும்போது உதவப் போய் அவன் டிவியைக் கீழே போட்டுவிட்டேன். 900 யூரோ கொடுத்து மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது. பாலிசி இருக்கிறது. முழுசாக வருமா?

ப: இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கைமாறு எதிர்பாராமல் உதவி செய்யும்போது சின்னக் கவனக்குறைவால் ஒன்று உடைந்தால், "இதற்கு ஈடு கேட்க மாட்டேன்" என்று இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டதாக நீதிமன்றங்கள் பல வழக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை, பொறுப்பு இல்லாத இடத்தில் காப்பீடும் கட்டாது. இதைத் தாண்டத்தான் உதவியின்போது நேரும் சேதத்துக்கு என்று ஒரு விதி புதிய பாலிசிகளில் வருகிறது. கெஃபேலிஷ்கைட் என்ற சொல் உங்கள் தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது, கிடைப்பது இன்றைய மதிப்பு, வாங்கிய விலை இல்லை. 900 மறந்துவிடுங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை, இன்றைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். உதவி என்று எழுதாமல் "சும்மா பார்க்கப் போனபோது இடித்துவிட்டேன்" என்று மாற்றி எழுதாதீர்கள். நண்பர்கள் சொல்லித்தான் கொடுப்பார்கள். அது காப்பீட்டு மோசடி, குற்றவியல் சட்டத்தின் 263ஆம் பிரிவு. உடைந்த டிவியை அனுப்பச் சொல்வோம், எப்படி விழுந்தது என்று நிபுணர் பார்ப்பார். ஒரு பழைய டிவிக்காக உங்கள் பெயரில் குற்ற வழக்கு வேண்டாம், அதுவும் விசா புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

கே: வாடகை வீட்டில் வாஷ்பேசினில் பாட்டில் விழுந்து விரிசல். வீட்டுக்காரர் டெபாசிட்டில் கழிப்பேன் என்கிறார்.

ப: வாடகை வீட்டுச் சேதம் உங்கள் பாலிசியில் இருந்தால் இதற்குக் கிடைக்கும், கழிக்கவிடுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடைக்காது. கண்ணாடி, ஹீட்டர், மின்கருவிகளைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. வாஷ்பேசினுக்கும் வயது உண்டு, இருபது வருடப் பழையதற்குப் புதியதன் விலையை வீட்டுக்காரர் கேட்டால் அந்த அநியாயக் கோரிக்கையை மறுத்து எழுதுவதும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் எதிர்ப்பதும் காப்பீட்டின் வேலைதான். இந்தப் பாதி நம் மக்களுக்குத் தெரிவதே இல்லை.

கே: ஒப்பீட்டுத் தளத்தில் முதலில் வருகிற கம்பெனியை எடுக்கலாமா? அல்லது நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள்.

ப: பெயர் சொல்ல மாட்டேன். தாளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். காப்புத் தொகை குறைந்தது 10 மில்லியன் யூரோ. வாடகை வீட்டுச் சேதம். சாவி தொலைப்பு, ஏனென்றால் கட்டடம் முழுக்க ஒரே பூட்டுத் தொகுப்பாக இருந்தால் ஒரு சாவிக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும். அப்புறம் ஃபோர்டரூங்ஸ்ஆவுஸ்ஃபால் என்று ஒன்று, இதை விடாதீர்கள்: உங்களை இடித்தவரிடம் காப்பீடும் இல்லை பணமும் இல்லை, நீங்கள் வழக்கில் ஜெயித்தும் வசூலிக்க முடியவில்லை என்றால் உங்கள் பாலிசியே உங்களுக்குக் கட்டும். பொருள்களையும் சேவைகளையும் சோதித்துப் பார்க்கும் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அமைப்பு பாலிசிகளை ஒப்பிட்டு வெளியிடுகிறது, நூலகத்தில் படிக்கலாம்.

கே: என் ஐந்து வயது மகன் கல்லால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் கோடு போட்டுவிட்டான். குடும்பப் பாலிசி இருக்கிறது. பணம் தர முடியாது என்று கம்பெனி எழுதிவிட்டது. இதற்கா வருடா வருடம் கட்டினோம்?

ப: அக்கா, கோபம் புரிகிறது, ஆனால் கடிதம் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஏழு வயது முடியாத பிள்ளைக்குப் பொறுப்பே கிடையாது. கட்டடம் கட்டும் இடங்களில் "பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு" என்று போர்டு மாட்டியிருப்பார்கள், அதை அப்படியே நம்பாதீர்கள். கண்காணிக்கும் கடமையில் தவறியிருந்தால்தான் நீங்கள் பொறுப்பு. ஐந்து வயதுப் பிள்ளை பழகிய இடத்தில் விளையாடும்போது இடையிடையே போய்ப் பார்த்தால் போதும், விடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. நீங்கள் தவறவில்லை, பிள்ளைக்குப் பொறுப்பில்லை, ஆக யாரும் கட்ட வேண்டியதில்லை. பொறுப்பற்ற வயதுப் பிள்ளைகளின் சேதத்தையும் ஏற்கும் விதி உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் விரும்பிக் கேட்டால், குறிப்பிட்ட தொகைவரை கட்டுவார்கள்.

குறுக்கே ஒருவர்: சட்டமே பொறுப்பில்லை என்று சொல்லும்போது அந்த விதிக்கு எதற்குக் கூடுதல் பணம்? கம்பெனிகள் நம் கூச்சத்தை வைத்துச் சம்பாதிக்கின்றன.

இன்னொருவர்: அடிபட்டது என் கார். மேல் வீட்டுப் பிள்ளை. 1,800 யூரோ பில். "யாருக்கும் பொறுப்பில்லை" என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். தினமும் அதே படியில்தான் அவர்களைப் பார்க்கிறேன்.

முதலாமவர்: உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன், ஆனால் சொந்தக் காரின் சேதத்துக்கான ஃபோல்காஸ்கோ காப்பீடு எதற்கு இருக்கிறது?

காரின் உரிமையாளர்: என்னிடம் இல்லை. இருந்தாலும் அதைத் தொட்டால் என் பிரீமியம் ஏறும். தப்பு செய்யாத நான் ஏன் ஏற்ற வேண்டும்?

ப: இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சட்டம் பிள்ளையைக் காப்பது நியாயம் என்றே நினைக்கிறேன், ஐந்து வயதில் போட்ட கோட்டுக்கு ஒருவன் கடனாளியாக வளரக் கூடாது. ஆனால் அந்த நியாயத்தின் செலவு முழுக்க எந்தத் தவறும் செய்யாத அண்டை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது, அதுவும் உண்மை. கூடுதல் விதி அந்த இடைவெளியை அடைக்கத்தான். ஆண்டுக்குச் சில யூரோ வித்தியாசம்தான், பல குடும்பப் பாலிசிகளில் இப்போது அது சேர்ந்தே வருகிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைக் கூச்சத்துக்குக் கட்டும் பணம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அடுத்த வீட்டுக்காரர் இழப்பைச் சுமக்கட்டும் என்று விடும் உரிமை நமக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்தித்தான் தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

முதலாமவர்: அப்படியானால் பையிலிருந்து கொடுக்கலாமே, காப்பீடு எதற்கு?

ப: 200 யூரோ என்றால் கொடுங்கள், நல்ல மனசு. பிள்ளை தீப்பெட்டியோடு விளையாடிக் கொட்டகை எரிந்தால்?

வேறொருவர்: என் மகளுக்கு எட்டு வயது. பத்து வயதுவரை பொறுப்பில்லை என்று படித்தேனே?

ப: பாதிதான் படித்திருக்கிறீர்கள். ஏழிலிருந்து பத்து வயது முடியும்வரை உள்ள சலுகை, வண்டியோ ரயிலோ சம்பந்தப்பட்ட விபத்துக்கு மட்டும். ஓடும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் அந்த வயதுப் பிள்ளையால் கணிக்க முடியாது என்பதுதான் காரணம். ஒழுங்காக நிறுத்தியிருக்கும் காரில் சைக்கிளாலோ ஸ்கூட்டராலோ இடித்தால் சலுகை இல்லை என்று கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. ஆக எட்டு வயது மகள் நின்ற காரை இடித்தால், அது தவறு என்று புரிகிற பக்குவம் அவளுக்கு இருக்கும்பட்சத்தில் அவளே பொறுப்பு, குடும்பப் பாலிசி கட்டும்.

இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: பூனை இருக்கிறது, அடுத்து நாய் வாங்க யோசனை.

ப: பூனை இதிலேயே அடக்கம். நாய்க்கும் குதிரைக்கும் தனிப் பாலிசி. பெர்லின், ஹாம்புர்க், நீடர்சாக்ஸன் போன்ற மாநிலங்களில் நாய்க்கு அது கட்டாயம், கட்டாயம் இல்லாத இடத்திலும் எடுங்கள். நாய் செய்ததற்கு உங்கள் தவறு இல்லாவிட்டாலும் நீங்கள்தான் பொறுப்பு.

கே: மின்சார ஸ்கூட்டர்?

ப: அதற்குத் தனிக் காப்பீட்டுப் பட்டை ஒட்ட வேண்டும். 25 கிலோமீட்டர் வேகம்வரை மட்டும் உதவும் மின்சார சைக்கிள் என்றால் சாதாரணப் பாலிசியே போதும்.

கே: ஊரிலிருந்து அம்மா அப்பா மூன்று மாதம் வருகிறார்கள்.

ப: உங்கள் பாலிசியில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எழுதிக் கேளுங்கள். விசாவுக்காக எடுக்கும் பயண மருத்துவக் காப்பீட்டோடு ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்டையும் சேர்த்துத் தருகிறவர்கள் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள்.

கே: நல்ல கம்பெனி ஒன்று சொல்லுங்களேன், அவசரம்.

ப: மேலே படியுங்கள்.

கே: நேற்று வாஷிங் மெஷின் குழாய் கழன்று கீழ் வீட்டு சீலிங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் "எல்லாம் என் தவறு, முழுச் செலவும் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார். பாலிசி இருக்கிறது. போடலாமா?

ப: போடாதீர்கள். நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள், பாலிசி எண்ணைக் கொடுங்கள், அது போதும். கையெழுத்துப் போட்டதற்காக மட்டும் காப்பீடு கழன்றுகொள்ள முடியாது, 2008இலிருந்து சட்டம் அப்படி. ஆனால் சட்டப்படி தர வேண்டியதைவிட அதிகமாக நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்த அதிகம் உங்கள் பையிலிருந்துதான். சீலிங், சுவர், கீழே நனைந்த பொருள் எல்லாவற்றையும் இன்றே படம் எடுங்கள். கழன்ற குழாயைத் தூக்கிப் போடாதீர்கள், எங்களுக்கு வேண்டும். சம்பவத்தை ஒரு வாரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நாளைக்கே செய்யுங்கள். உங்கள் வீட்டில் நனைந்தது இதில் வராது, அதற்கு ஹவுஸ்ராட், அதாவது சொந்த வீட்டுப் பொருள்களுக்கான காப்பீடு, இருக்கிறதா என்று பாருங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், மெஷின் ஓடும்போது வெளியே போயிருந்தால் போயிருந்தேன் என்றே எழுதுங்கள்.