கல்லறைச் சுவரும் ஒரு செமஸ்டர் படமும்

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஒரே பங்கு, ஒரே ஞானஸ்நானத் தொட்டி. கிறிஸ்தவர்கள் என்பதால் அரசாங்கம் எங்களை எஸ்.சி. பட்டியலில் சேர்ப்பதில்லை. புதைக்கிற இடத்தில் மட்டும் நாங்கள் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இந்த செமஸ்டருக்கு ஆவணப்படம் எடுக்க வேண்டும். அந்தச் சுவரைப் பற்றி எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஹெச்.ஓ.டி. ஒரு ஃபாதர். நல்லவர். என் ஃபீஸுக்கு ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். படித்துவிட்டு, “இது இப்ப வேண்டாம்மா, வேற டாபிக் எடு” என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“சாமியார் நடத்துற காலேஜ்ல மீடியா படிச்சா பிரசங்கம்தான் எடுக்க முடியும். விட்டுட்டு தரமணி இன்ஸ்டிட்யூட்டுக்கு ட்ரை பண்ணு” என்கிறான் என் நண்பன். “ஃபாதர் மனசு நோகப் பண்ணாதே” என்கிறார் அம்மா. எனக்கு விசுவாசம் போகவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிறேன். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. நான் தவறான இடத்தில் வந்து படிக்கிறேனா?

பெயரும் கல்லூரியும் வெளியிட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

தவறான இடத்தில் நீங்கள் படிக்கவில்லை. கல்லூரியை விடாதீர்கள். அந்தப் படத்தையும் விடாதீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காஸ்தோன் ரொபேர்ஜ் என்று ஒரு சேசு சபை (ஜெசூட்) துறவி இருந்தார், கனடாக்காரர். 1961இல் இந்தியாவுக்கு வரும் வழியில் நியூயார்க்கில் சத்யஜித் ராயின் படங்களைப் பார்த்தார். 1970இல் கல்கத்தாவில் சித்ரபாணி என்ற ஊடக மையத்தைத் தொடங்கினார். ராய் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 2020இல் கண்மூடும்வரை, ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வங்காளத்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அங்கே போனவர்கள் பிரசங்கம் கற்றுக்கொண்டு திரும்பவில்லை. அங்கி போட்டவர் பாடம் நடத்துகிறார் என்பதை மட்டும் வைத்து ஒரு வகுப்பறையை எடைபோட முடியாது.

உங்கள் துறை எதன் பேரில் நடக்கிறது என்பதைப் பாருங்கள். 1936இல் வத்திக்கான் சினிமாவைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டது. கெட்ட படங்களிலிருந்து விசுவாசிகளைக் காப்பதே அதன் பெரிய கவலை. அடுத்த தலைமுறையில் பார்வை மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்பு ஊடகங்களுக்கென்றே ஓர் ஆணை வெளியிட்டது. அதை விரித்து 1971இல் வந்த ஆவணம் ‘கம்யூனியோ எத் ப்ரோக்ரெஸ்ஸியோ’. உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் வத்திக்கான் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும். திருச்சபைக்குள்ளேயே பொதுக்கருத்து வேண்டும் என்று சொல்லும் பகுதி ஒன்று அதில் வருகிறது. திருச்சபை உயிருள்ள உடல் என்பதால் அதன் உறுப்பினர்களுக்குள் கருத்துப் பரிமாற்றம் நடந்தாக வேண்டும், மனதில் பட்டதைச் சொல்லும் சுதந்திரம் கத்தோலிக்கருக்கு உண்டு, அந்தச் சுதந்திரம் விசுவாச உணர்விலிருந்தும் அன்பிலிருந்தும் பிறக்கிறது என்பது அதன் சாரம். விசுவாசம் போகவில்லை, அதனால்தான் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தப் படத்தை எடுக்க உங்களுக்கு இருக்கும் தகுதியே அதுதான். வெளியிலிருந்து வருகிற ஒருவருக்கு அந்தச் சுவர் ஒரு செய்தி, அவ்வளவுதான். உங்களுக்கு அதன் இந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கத்தில் உங்களோடு ஒரே பந்தியில் நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி வடக்கன்குளத்துக்கு வருகிறேன். இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த புரொபோசலை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேசு சபைக் குருக்கள் ஒரு கோயில் கட்டினார்கள். அதற்கு இரண்டு கூடங்கள். இரண்டும் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேரும். ஒரு கூடத்தில் வெள்ளாளர் தரப்பு, இன்னொன்றில் நாடார்கள். பீடத்தில் நிற்கும் குருவை இரு தரப்பும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சாதிச் சண்டையைச் சமாளிக்கக் குருக்கள் கண்டுபிடித்த வழி அது. அந்தத் தடுப்பை 1910இல் இடித்தவரும் ஒரு சேசு சபைக் குருதான், கௌசானல் அடிகளார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த்தே என்ற அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஆயர் பக்கம் தீர்ப்பளித்தது. கோயிலுக்குள் சாதியின் பேரில் தனி உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள்.

அது வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடந்த வழக்கு, உங்கள் தெரு மக்கள் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனாலும் அதைத் தெரிந்துகொள்வதில் உங்களுக்குப் பெரிய பலம் இருக்கிறது. தடுப்பைக் கட்டியதும் இடித்ததும் ஒரே சபை. ஆகவே ஒரு குருவிடம் போய் உங்கள் ஊர்ச் சுவரைப் பற்றிப் பேசும்போது நீங்கள் அந்நியமான எதையும் அவர் மேல் திணிக்கவில்லை. அவருடைய திருச்சபையின் வரலாற்றில் ஏற்கெனவே நடந்த ஒரு வாதத்தைத் தொடர்கிறீர்கள். 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கென வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், தீண்டாமை திருச்சபைக்குள் இன்னமும் இருப்பதை ஒப்புக்கொண்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. ஆயர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதை ஒரு மாணவி கேமராவில் காட்டக் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. புரொபோசலின் முதல் பக்கத்தில் இந்த மூன்று ஆண்டுகளையும் போடுங்கள்: 1971, 2003, 2016.

அந்த ஃபாதர் ஏன் மறுத்தார்? நீங்கள் கேட்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது. தனியாகப் போய்க் கேளுங்கள். அவர் பயத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். கல்லூரியை நடத்துவது துறவற சபையா, மறைமாவட்டமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சபை நடத்தும் கல்லூரிக்குத் தலைமை அந்தச் சபையின் மாநிலத் தலைவர் (ப்ரொவின்சியல்). மறைமாவட்டக் கல்லூரி என்றால் தலைமை ஆயர். உங்கள் ஊர் அதே மறைமாவட்டத்தில் இருந்தால், உங்கள் பங்குச்சாமியாரும் கல்லூரிச் செயலரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். படத்தின் முதல் போன்கால் எங்கிருந்து வரும் என்று ஃபாதருக்குத் தெரியும். வெளியிலிருந்தும் அழுத்தம் உண்டு. 2019 ஜனவரியில் சென்னை லயோலா வளாகத்தில் நடந்த வீதி விருது விழாவில் வைத்த ஓவியங்கள் இந்து அடையாளங்களை இழிவுபடுத்துகின்றன என்று எதிர்ப்பு கிளம்பி, கல்லூரி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு சிறுபான்மைக் கல்லூரிகளில் கலை நிகழ்ச்சிக்கு அனுமதி தருகிறவர் இரண்டு முறை யோசித்தால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அதை நானும் பொருட்படுத்துகிறேன். அவர் உங்களுக்காகப் பயந்திருக்கலாம். எறையூரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் அங்கே கத்தோலிக்க வன்னியர்களுக்கும் கத்தோலிக்கத் தலித்துகளுக்கும் இடையே மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, இருவர் இறந்தார்கள். உங்கள் அப்பா அம்மா அந்தச் சுவர் இருக்கும் உங்கள் ஊரில்தான் குடியிருக்கிறார்கள். படம் முடிந்ததும் நீங்கள் பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்துவிடுவீர்கள். ஆகவே கல்லூரி அனுமதிக்கு முன்னால் உங்கள் தெருவின் அனுமதி வேண்டும். பெரியவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். யார் முகம் காட்டலாம், யார் குரல் மட்டும் போதும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். எடுத்து முடித்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். எடுத்துவிடு என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் இயக்குநரின் பிடிவாதம் கூடாது.

எப்படி எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிபுணர்களை நாற்காலியில் உட்கார வைத்துச் சாதி ஒழிப்பு பேச வைக்காதீர்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று உங்கள் ஊரில் சுவரின் இரு பக்கமும் புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். எந்தப் பக்கம் முதலில் போகிறார், சுவரைச் சுற்றிக்கொண்டு எப்படி மறுபக்கம் வருகிறார், அதற்குள் அங்கே எத்தனை மெழுகுவத்தி கரைந்திருக்கிறது என்று கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒலியை நன்றாகப் பதிவு செய்யுங்கள். இரு பக்கமும் சொல்லப்படுவது அதே செபம். விளக்கவுரை வேண்டாம் என்று நினைக்கிறேன். வேண்டுமென்றால் உங்கள் குரலில், உங்கள் ஊர்ப் பேச்சில் நாலு வரி இருக்கட்டும்.

தரமணி திரைப்படக் கல்லூரி நல்ல இடம், பட்டம் முடித்துவிட்டுத் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே போனால் யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். புனே திரைப்படக் கல்லூரியில் அரசு ஒரு தலைவரை நியமித்ததை எதிர்த்து 2015இல் மாணவர்கள் 139 நாள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அது மத்திய அரசின் நிறுவனம். இப்போது உங்கள் கையில் கேமராவும் எடிட் சூட்டும் இருக்கின்றன, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரி அதை நடுவில் உதறுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபீஸ் கட்ட ஆள் பிடித்துக் கொடுத்தவரிடம் எதிர்த்துப் பேசுவது நம் வீடுகளில் சுலபமான காரியம் அல்ல. அந்த உதவி உங்களைப் படிக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டது. படித்த தொழிலை உங்கள் ஊருக்காகச் செய்வது அந்த உதவிக்குத் துரோகம் ஆகாது. அவரிடம் இதையே நேராகச் சொல்லுங்கள்: “ஃபாதர், நீங்க இல்லேன்னா நான் இங்க இல்ல. இந்தப் படத்தை உங்க வழிகாட்டுதல்லதான் எடுக்கணும்னு ஆசைப்படறேன்.” நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள்.

அப்படியும் முடியாது என்றால், மார்க்குக்கு வேறொரு படத்தை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அதையும் மனம் வைத்துச் செய்யுங்கள். சுவர்ப் படத்தைக் கல்லூரிக் கேமராவும் கல்லூரிப் பெயரும் இல்லாமல் உங்கள் போனிலேயே எடுங்கள். நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்தி எழுதிய புரொபோசலை எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி படித்துப் பதில் எழுதுகிறேன். ஒலிப்பதிவுக் கருவி வாடகைக்குப் பணம் தேவைப்பட்டால் அதையும் எழுதுங்கள்.