பதினொன்றாம் வகுப்பு: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள், ஒரு பள்ளிக் கவுன்சலரின் பதில்கள்

நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கவுன்சலராக இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இந்தச் சந்து பொந்துகள் வழியாகவே கல்லூரிக்குப் போனார்கள். செப்டம்பர் பிறந்தால் போதும், ஜூனியர், அதாவது 11ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கோயிலிலும் மளிகைக் கடையிலும் என்னை நிறுத்திக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை எழுதி அனுப்பச் சொன்னேன். 2025 செப்டம்பரில் 11ஆம் வகுப்பைத் தொடங்கி, 2027இல் கல்லூரியில் சேரப்போகிறவர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (எடிசன், ஒரு தாய்): அக்கா, நாங்கள் மதுரையில் படித்தவர்கள். பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்று வளர்ந்தோம். இங்கே அதற்கு முந்தைய ஆண்டை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

பதில்: ஊரில் தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்து, கட்-ஆஃப் பார்த்து, பிறகுதான் கல்லூரி. இங்கே 12ஆம் வகுப்பின் நவம்பரிலும் ஜனவரியிலும் விண்ணப்பம் போய்விடுகிறது. அப்போது கல்லூரி பார்க்கக்கூடிய கடைசி முழு ஆண்டு, 11ஆம் வகுப்பு. பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் பெரும்பாலும் அந்த ஆண்டின் ஆசிரியர்களே. பண உதவிக்குக் கணக்கில் எடுக்கும் வருமானமும் ஏறக்குறைய அதே காலத்தது. அதற்காக 12ஆம் வகுப்பில் காலை நீட்டிப் படுத்துவிட முடியாது. இடம் கொடுத்த கல்லூரி, கடைசி மதிப்பெண்ணைப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வி (பாஸ்டன் அருகே, 11ஆம் வகுப்பு மாணவி): ஆன்ட்டி, அடுத்த மாதம், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் முன்னோட்டமான பிஎஸ்ஏடி. இதில் உதவித்தொகை இருக்கிறது, விடாதே என்கிறார் அப்பா. அவ்வளவு முக்கியமா?

பதில்: அப்பா சொல்வது பாதி சரி. பிஎஸ்ஏடி மதிப்பெண் கல்லூரிகளுக்குப் போவதில்லை. நேஷனல் மெரிட் என்ற தகுதிப் பட்டியலுக்கு மட்டும் பயன்படுகிறது. அதற்கும் 11ஆம் வகுப்பில் எழுதுவதுதான் செல்லும். அவர்கள் பார்ப்பது மொத்த மதிப்பெண்ணை அல்ல. வாசிப்பு-எழுத்துப் பகுதியை இரட்டித்து, கணிதத்தைக் கூட்டி, பத்தால் வகுத்து வருவதைக் குறியீடாக எடுப்பார்கள். வாசிப்பில் 740, கணிதத்தில் 760 என்றால் மொத்தம் 1500, குறியீடு 224. வாசிப்பில் 760, கணிதத்தில் 720 என்றால் மொத்தம் 1480தான், ஆனால் குறியீடு அதே 224. நம் வீடுகளில் கணிதத்தையே தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரையிறுதிக்குத் தேர்வாகிறவர்கள் நாடு முழுக்கச் சுமார் 16,000 பேர். எல்லைக்கோடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உன் மாசசூசெட்ஸும் என் நியூ ஜெர்சியும் உச்சத்தில் இருப்பவை. கடைசியில் அந்த அமைப்பு நேரடியாகத் தருவது ஒரே ஒரு முறை 2,500 டாலர். இரண்டு மாதிரித் தேர்வுகளை எழுதிப் பார்த்துவிட்டுப் போ. தூக்கத்தை விற்று வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி (சான் ஹோசே, ஒரு தந்தை): கலிபோர்னியாவில் எஸ்ஏடியே பார்ப்பதில்லையாமே? மகன் எழுதத்தான் வேண்டுமா?

பதில்: யூசி, கால் ஸ்டேட் என்ற கலிபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குழுமங்களுமே பார்ப்பதில்லை, அனுப்பினாலும் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மாநிலத்தை விட்டு வெளியே போகும் எண்ணம் துளியாவது இருந்தால் எழுதட்டும். எம்ஐடி 2022இலேயே தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது. அதன்பின் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாக வந்துவிட்டன. இப்போதைய தேர்வு கணினியில்தான், 2 மணி 14 நிமிடம். மார்ச்சில் ஒன்று, தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொன்று. மே மாதத்தில், கல்லூரித் தரப் பாடங்களுக்கான ஏபி தேர்வுகளோடு மோதவிடாதீர்கள்.

யூசி கணக்கிடும் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண், 9ஆம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11ஆம் வகுப்பு முடிந்த கோடை வரைக்கும்தான். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கில் இன்னும் ஓர் ஆண்டுதான் மீதி.

கேள்வி (டல்லாஸ், ஒரு தந்தை): மகன் 700 பேரில் 40ஆவது இடத்தில் இருக்கிறான். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் கிடைத்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: நண்பர்கள் பழைய கணக்கைச் சொல்கிறார்கள். 1997இல் டெக்சஸில் சட்டம் வந்தபோது வகுப்பில் முதல் 10 விழுக்காட்டினருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் அது சுருங்கிச் சுருங்கி 6 ஆயிற்று. 2026இல் சேர்கிறவர்களிலிருந்து 5. எழுநூறு பேரில் 6 விழுக்காடு என்றால் 42 பேர், 5 என்றால் 35. உங்கள் மகன் அந்த ஏழு பேர் இடைவெளியில் நிற்கிறான். ஜூனியர் ஆண்டு முடிவில் உள்ள தரவரிசைதான் கணக்கு என்பதால் ஓட இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று: தானாகக் கிடைக்கும் இடம் பல்கலைக்கழகத்துக்குத்தான், கணினி அறிவியல் துறைக்கு அல்ல. டெக்சஸ் ஏ அண்ட் எம் இன்னும் 10 விழுக்காட்டில் நிற்கிறது. பொறியியல் துறை அங்கேயும் தனிக் கதை.

கேள்வி (அட்லாண்டா, ஒரு தாய்): மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை அடுத்த ஜூலையில் வைத்திருக்கிறோம். கல்லூரி விண்ணப்பத்துக்கு நல்லது என்கிறார்கள். செலவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்வி வராத ஆண்டே கிடையாது. மண்டபம், பக்கவாத்தியம், சென்னையிலிருந்து வரும் பட்டுப்புடவை, நானூறு பேருக்குச் சாப்பாடு, சிறிய கல்யாணம்தான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் இதற்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு தெரியுமா? பத்துச் செயல்பாடுகளில் ஒன்று. அதன் விவரத்துக்கு 150 எழுத்துகள், இடைவெளியையும் சேர்த்து. ‘பத்து ஆண்டுப் பயிற்சி, இரண்டரை மணி நேரத் தனி நிகழ்ச்சி’ என்று எழுதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நிரப்பினால் முடிந்தது. அந்த வரியைப் படிப்பவர் அந்த வாரத்தில் ஏற்கெனவே சில அரங்கேற்றங்களைப் படித்திருப்பார்.

ஆட்டத்துக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள். விண்ணப்பத்துக்காக என்றால், வேண்டாம் என்பேன். கோடையில் தினமும் நான்கு மணி நேர ஒத்திகை என்றால் கட்டுரை எழுத மனம் எங்கே இருக்கும்? விண்ணப்பம் ஆகஸ்ட் 1இல் திறக்கும். தேதியை ஜூன் நடுவுக்குக் கொண்டுவர முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

என் மாணவி ஒருத்தி அரங்கேற்றத்தைப்பற்றி ஒரு வரிகூடக் கட்டுரையில் எழுதவில்லை. சலங்கையிலிருந்து கழன்ற மணிகளை, மாடிப்படியில் உட்கார்ந்து, கண் சரியாகத் தெரியாத தாத்தாவோடு சேர்ந்து தோலில் திரும்பத் தைத்ததை 650 சொற்களில் எழுதினாள். ஊசியில் நூல் கோப்பது அவள் வேலை, முடிச்சுப் போடுவது தாத்தாவின் வேலை. இத்தனை ஆண்டுகளில் நான் படித்த கட்டுரைகளில் இன்னும் மறக்காத மூன்றில் அது ஒன்று.

கேள்வி (சியாட்டில், ஒரு தந்தை): மேடம், நிறுவனப் பங்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். கல்லூரிச் செலவுக்காக இந்த டிசம்பருக்குள் விற்றுப் பணமாக்கலாமா? மகள் பெயரில் போட்டுவைத்தால் பாதுகாப்பு என்று மனைவி சொல்கிறார்.

பதில்: இரண்டையும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஃபாஃப்சா என்னும் அரசு உதவி விண்ணப்பம் இரண்டு ஆண்டு பின்னால் போய் வருமானத்தைப் பார்க்கும். 2027இல் சேரும் மகளுக்கு முதலாண்டுக் கணக்கு 2025 வரி ஆண்டு. இந்த டிசம்பருக்குள் விற்று வரும் லாபம் அப்படியே அதில் உட்காரும். ஜனவரிக்குத் தள்ளினால் இரண்டாம் ஆண்டுக் கணக்கில் உட்காரும், முழுவதும் தப்பிவிடாது.

மகள் பெயரில் போடுவது அதைவிட மோசம். பெற்றோர் பெயரில் ஒரு லட்சம் டாலர் சேமிப்பு இருந்தால் அதிலிருந்து நீங்கள் கொடுக்க முடியும் என்று கணக்கிடுவது ஆண்டுக்கு அதிகபட்சம் 5,640 டாலர். அதே பணம் பிள்ளை பெயரில் இருந்தால் 20,000. ஓய்வூதியக் கணக்கில் இருக்கும் பணத்தைத் தொடவேமாட்டார்கள்; குடியிருக்கும் வீட்டையும் ஃபாஃப்சா கேட்காது. பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் வேறு ரகம், அது வீட்டின் மதிப்பையும் தோண்டும். வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் முன்பு ஃபாஃப்சாவில் சலுகை இருந்தது. 2024-25 முதல் அது போய்விட்டது.

இவ்வளவையும் யோசிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிட்டுச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011 முதல் சட்டப்படி வைத்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து நான்கு கல்லூரிகளுக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் மென்பொருள் வேலையில் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ‘உதவி: பூஜ்யம்’ என்றுதான் வரும். அப்படி வந்தால் பங்கை எந்த மாதம் விற்பது என்பதைப்பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. மதிப்பெண்ணுக்காகப் பணம் தரும் கல்லூரிகளைத் தேடுங்கள். அலபாமா பல்கலைக்கழகம்போல ஜிபிஏ, தேர்வு மதிப்பெண் இரண்டையும் வைத்து இவ்வளவு தருவோம் என்று வெளிப்படையாகவே அட்டவணை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்த தொகையை மகளிடமும் காட்டுங்கள். ‘நீ படி, பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டு, 12ஆம் வகுப்பின் ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு முடியாது என்று கைவிரிப்பதைப்போலக் கொடுமை வேறில்லை.

கேள்வி (ஷார்லட், ஒரு தாய்): நாங்கள் எச்-1பி வேலை விசாவில், மகன் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியவில்லை.

பதில்: மத்திய அரசின் பண உதவியும் கல்விக் கடனும் கிடைக்காது. மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் எச்-4 பிள்ளைக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கல்லூரியின் கட்டணப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பாதீர்கள். பல தனியார் கல்லூரிகள் அவனை வெளிநாட்டு மாணவனாகவே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களின் பண நிலையைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, தேவையான உதவியையும் தருபவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹார்வர்டும் எம்ஐடியும் ஆம்ஹர்ஸ்டும் அவற்றில் சில. கோடையில் சம்பள வேலை செய்ய அவனுக்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால் படிப்பின் நடுவில் மாணவர்களுக்கான எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டிவரலாம். வழக்கறிஞரிடம் இப்போதே பேசுங்கள்.

கேள்வி (சிகாகோ புறநகர், ஒரு தந்தை): மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. மதிப்பெண் எல்லாம் ‘ஏ’ கிரேடுதான். பரிந்துரைக் கடிதம் எப்படி வரும்?

பதில்: ‘அமைதியான, கடின உழைப்பாளியான மாணவன்’ என்று வரும். அந்த வாக்கியத்தால் யாருக்கும் இடம் கிடைத்ததில்லை. பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசாதே என்று நாமே வளர்த்துவிட்டு, ஆசிரியரிடம் போய்ப் பேசு என்றால் அவன் என்ன செய்வான்? வகுப்பில் கை தூக்க வெட்கமாக இருந்தால், வாரம் ஒரு முறை வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகத்தோடு போகட்டும். எளிதாக ‘ஏ’ வாங்கிய பாடத்தைவிட, முதலில் தடுமாறிப் பிறகு நிமிர்ந்த பாடத்தின் ஆசிரியரிடம் கடிதம் கேட்பது நல்லது. அவருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். மே மாதத்திலேயே நேரில் கேட்கட்டும். செப்டம்பரில் கேட்டால் நாற்பதாவது ஆளாக நிற்க வேண்டிவரும்.

கேள்வி (ஆஸ்டின், ஒரு தாய்): தனியார் ஆலோசகர் 8,000 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பள்ளிக் கவுன்சலரிடம் பேசியாயிற்றா? ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது எங்கள் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதைவிட அதிகம். ஆனாலும் நேரம் கேட்டு வருகிற பெற்றோர் சிலர்தான். முதலில் அங்கே போங்கள். ‘இந்தக் கல்லூரியை வாங்கித் தருகிறேன்’ என்று சொல்கிற ஆலோசகர் என்றால் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுங்கள்.

கேள்வி (எடிசன், பேரனைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் பாட்டி): அம்மா, பேரன் ஏதோ ஹார்வி மட் என்கிறான். ஊரில் சொன்னால் யாருக்காவது தெரியுமா?

பதில்: தெரியாது பாட்டி. கலிபோர்னியாவில், 1955இல் தொடங்கிய சின்னக் கல்லூரி. மொத்தமே ஆயிரம் பிள்ளைகளுக்குள்தான். பொறியியலுக்கும் அறிவியலுக்கும் அருமையான இடம், நுழைவதும் கடினம். ‘கலிபோர்னியாவில் இன்ஜினியரிங் படிக்கிறான்’ என்று சொல்லிவிடுங்கள். ஹார்வர்டா என்று யாராவது கேட்டால், கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்று தலையாட்டிவிடலாம்.