பேக்கெட் ரேடியோவுக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: "ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இப்போதுதான் கைக்கு வந்தது. பேக்கெட் ரேடியோ நிலையம் அமைக்க ஆசை. நல்ல டிஎன்சி எது? எந்த செட் வாங்கலாம்? 40,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்."

பேக்கெட் ரேடியோ என்றால் எழுத்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி ரேடியோவில் அனுப்புவது. கம்ப்யூட்டருக்கும் ரேடியோ செட்டுக்கும் நடுவில் நிற்கும் பெட்டிதான் டிஎன்சி. அது எது என்றுதான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். 2023-ல் நானும் அதையேதான் கேட்டேன். அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

டிஎன்சி பெட்டிக்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காதீர்கள். பணம் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் பேட்டரிக்கும் போகட்டும். 1980-களில் வந்த டிஎன்சி-2 பெட்டிக்குள் இசட்80 சிப் வைத்து ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருந்தது. அன்றைக்கு அது தேவைப்பட்டது. நாம் தட்டும் எழுத்தை 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளாக்கி செட்டுக்குக் கொடுப்பதும், வருகிற தொனியைப் பிரித்து எழுத்தாக்குவதும்தான் அதன் வேலை. இன்றைக்கு டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ இதை அருமையாகச் செய்கிறது. கூடவே யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றும், பிடிடி (செட்டை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சுவிட்ச்) இயக்க ஒரு டிரான்சிஸ்டரும் போதும்.

நான் அப்படிச் செய்யவில்லை. வெளிநாட்டுப் பெட்டி ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வரவழைத்தேன். மிச்சக் காசுக்கு 5 வாட் கைச்செட்டும், மொட்டை மாடி வரை 25 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளும் வாங்கினேன். 145 மெகாஹெர்ட்ஸில் அந்த மெல்லிசுக் கேபிள் பாதிக்கும் மேல் பவரைத் தின்றுவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2023 டிசம்பர் 17-ல் பேய்மழை தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை உடைத்து ஓடியது. கரண்டு போயிற்று, அப்புறம் போனும் போயிற்று. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஹாம் நண்பர் ஒருவர் கார் பேட்டரியில் செட்டை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். குரல் கரகரவென்று வந்தது. மண்டபத்தில் ஒதுங்கியிருந்தவர்களின் பெயர்களைச் சொல்லி, திருநெல்வேலியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னார். நம் பக்கத்துப் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். இசக்கிமுத்தா, இசக்கியம்மாளா, பேச்சிமுத்தா, பேச்சியம்மாளா? பெயரின் வால் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு பெயரையும் நாலு தடவை கேட்டேன். அவர் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது.

பேக்கெட் ஓடியிருந்தால் அந்தப் பட்டியல் முழுதும் நிமிஷத்தில் வந்திருக்கும். ஒவ்வொரு பேக்கெட்டின் கடைசியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. நடுவில் ஒரு பிட் பிசகினாலும் மறுமுனை அதைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் வந்தால் சரியாக வரும், இல்லையென்றால் வரவே வராது. என் பெட்டிக்கும் அவருடையதற்கும் நடுவில் ஒரு பேக்கெட்கூடப் போகவில்லை. அந்த இரவை நான் மறக்கவில்லை.

ஜனவரியில்தான் காரணம் பிடிபட்டது. நன்றாகக் கேட்கட்டும் என்று ஆடியோ அளவை ஏற்றி வைத்திருந்தேன். 1200 பாட் பேக்கெட்டுக்கு எஃப்எம் டீவியேஷன் (ஆடியோவுக்கு ஏற்ப அலைவரிசை விலகும் அளவு) 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றி இருந்தால் போதும். அதற்கு ரொம்ப மேலே போனால் தொனியின் உச்சி வெட்டுப்படும். காதுக்கு அது கணீரென்று கேட்கும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புரியாது. சுண்டுவிரல் நகமளவு நீல நிற பிரீசெட் (ஆடியோ அளவைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகு) ஒன்றை வயரில் சேர்த்து, வாட்ச் ரிப்பேர் திருப்புளியால் ஒரு மயிரிழை திருப்புவேன், ஒரு பேக்கெட் அனுப்புவேன். போனில் அந்த ஸ்ரீவைகுண்டம் நண்பர், "இல்ல... இல்ல... இன்னும் கொறைங்க அண்ணாச்சி" என்பார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். திடீரென்று "வந்துட்டு! வந்துட்டு!" என்று கத்தினார். அந்தத் திருகின் நேரே வெள்ளை பெயின்டில் ஒரு பொட்டு வைத்தேன். இன்றும் அப்படியே இருக்கிறது.

சரி, உங்களுக்கு வருவோம். 12 வோல்ட்டில் ஓடும் பழைய 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மொபைல் செட், அதாவது வண்டியில் வைக்கும் ரேடியோ, பின்பக்கம் ஆறு முள் டேட்டா சாக்கெட் உள்ளதாகப் பாருங்கள். 10 வாட் தாராளம். கைச்செட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்து அனுப்பினால் அலை யூஎஸ்பிக்குள் புகுந்து கம்ப்யூட்டர் உறைந்துவிடும். எனக்கு அப்படி ஆனது. கேபிள் தடித்த ஆர்ஜி-213, முடிந்த அளவு குட்டையாக. ஆன்டெனாவை நீங்களே செய்யலாம்: நடுவில் 49 சென்டிமீட்டர் கம்பி, கீழே சாய்வாக அதே அளவில் நான்கு. ஆனி, ஆடிக் காற்று கணவாய் வழியே இறங்கும்போது ஆன்டெனாவைத் தாங்கும் மூங்கிலை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டாவிட்டால் ஒரே நாளில் சாய்ந்துவிடும். டிஎக்ஸ் டிலே (செட் அனுப்பத் தொடங்கியதும் தகவலுக்கு முன் விடும் இடைவெளி) 300 மில்லிசெகண்டில் தொடங்குங்கள். பக்கத்தில் யாரும் இல்லையா? சர்வதேச விண்வெளி நிலையத்தின் பேக்கெட் வசதி ஓடும் நாட்களில் 145.825 மெகாஹெர்ட்ஸில் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் அது போகும் பத்து நிமிடத்தில் உங்கள் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னும் வேகமான 9600 பாட் பற்றிச் சிலர் சண்டைக்கு வருவார்கள். அதற்கு இதைவிடக் கவனமான ஏற்பாடு வேண்டும் என்று எனக்கும் தெரியும். நான் சொல்வது 1200-க்கு மட்டும். பெட்டி டிஎன்சி மோசம் என்றும் சொல்லவில்லை. வைத்திருப்பவர்கள் தாராளமாக ஓட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் தமிழில் எழுதினால், "டெக்னிக்கல் சமாச்சாரத்தை இங்கிலீஷிலேயே எழுதலாமே" என்று அறிவுரை சொல்ல ஆள் வந்துவிடுகிறார்கள். முக்கூடலில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னைவிட நன்றாக சால்டர் வைப்பான். டீவியேஷன் என்றால் என்னவென்று அவனுக்குத் தமிழில் சொன்னேன், ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். அதுவரை அவனுக்கு யாருமே அதைத் தமிழில் சொன்னதில்லை. எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டையும் வயரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிரீசெட்டை இரண்டு பேருமாக உட்கார்ந்து திருப்புவோம்.