மூன்றே சொற்களை ஏழு நிமிடம் திரும்பச் சொல்லும் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ ஏன் பலருக்குச் சலிப்பதில்லை?

பிரான்ஸைச் சேர்ந்த இருவர் மின்னணு இசைக் குழுவான டாஃப்ட் பங்கின் இந்தப் பாடலை இரண்டு நிமிடங்களுக்கு மேல் கேட்க முடியவில்லை என்றும், ஒரே வரியில் மற்றவர்கள் எதைக் கண்டு மயங்குகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குறை நியாயமானதே. ‘ஹோம்வொர்க்’ தொகுப்பில் உள்ள முழு வடிவம் 7 நிமிடம் 9 நொடி ஓடுகிறது; அதற்குள் தலைப்பிலுள்ள சொற்றொடர் 144 முறை ஒலிக்கிறது. சராசரியாக மூன்று நொடிக்கு ஒரு முறை. சரணம் இல்லை, கதை இல்லை, வேறு ஒரு சொல்லும் இல்லை. கல்லூரி விடுதியில் நண்பன் தன் கைப்பேசியில் இதை ஒலிக்கவிட்டபோது, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியவன் நான். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் ஏறக்குறைய காணாமல் போய், அந்த இயந்திரக் குரல் மட்டுமே எஞ்சும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பல மாதங்களுக்குப் பிறகு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான், நான் அதுவரை பாடலின் ஒரு ஓரத்தை மட்டும் கேட்டிருந்தேன் என்று புரிந்தது.

அன்று என்னைப் பிடித்துக்கொண்டது பேஸ், அதாவது கீழ்ச்சுரங்களில் ஓடும் இசைவரி. அது வெறுமனே அடித்தளமாகக் கிடப்பதில்லை. படியேறி, சற்றே தயங்கி, இறங்கி, மீண்டும் ஏறுகிறது. பாடலின் உண்மையான மெட்டு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். இருவரில் ஒருவரான தோமா பாங்கால்ட்டேர் இதை, பேஸை சின்தசைசரில் வாசித்து, டாக் பாக்ஸைச் சேர்த்து, ஷீக் குழுவின் இசைத்தட்டைப் போன்ற ஒன்றைச் செய்வதற்கு ஒப்பிட்டிருக்கிறார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷீக் 1970களின் இறுதியில் டிஸ்கோவின் உச்சத்தில் இருந்த குழு. அதில் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் கிட்டார் பாடகருக்கு நிகராகப் பாடும். டாக் பாக்ஸ் வேறொரு மரபிலிருந்து வருகிறது. வாத்தியத்தின் ஒலியை ஒரு குழாய் வழியாக இசைஞரின் வாய்க்குள் செலுத்தி, உதட்டையும் நாக்கையும் அசைத்து அந்த ஒலியையே பேசவைத்து, அதை மைக்கில் பிடிக்கும் கருவி அது; 1980களில் ஃபங்க் இசையில் ஜாப் குழுவின் ரோஜர் ட்ரௌட்மன் அதைத் தன் அடையாளமாகவே ஆக்கியிருந்தார். இவ்விரண்டுக்கும் அடியில் நடப்பது ஹவுஸ் இசையின் மேளம். டிஸ்கோ அமெரிக்க வானொலிகளில் செல்வாக்கு இழந்த பிறகு, சிகாகோவின் டிஜேக்கள் டிரம் மெஷின்களைக் கொண்டு வளர்த்தெடுத்த வகை அது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஓர் அடி, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. நியூயார்க்கின் பேஸும் ஃபங்க்கின் குரலும் சிகாகோவின் தாளமும், பாரிஸில் பெரும்பாலும் ஒரு படுக்கையறை ஸ்டுடியோவில் உருவாகி 1997இல் வெளிவந்த அந்த ‘ஹோம்வொர்க்’ தொகுப்பில் ஒன்றுசேர்ந்தன.

இந்தக் கலவையைக் கேட்கவைப்பதே அந்தத் திரும்பச் சொல்லல்தான் என்பது என் கருத்து. பாடல் வரி மாறிக்கொண்டே போனால் நம் கவனம் பொருளைத் துரத்திக்கொண்டு ஓடும். அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருப்போம். இங்கே இருபதாவது முறைக்குள் சொற்களின் பொருள் உதிர்ந்து, குரலும் ஒரு தாளக் கருவியாகிவிடுகிறது. துரத்த எதுவும் இல்லாத காது அக்கம்பக்கம் திரும்புகிறது. தொடக்கத்தில் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும் இசை, ஒலியின் ஒரு பகுதியை மறைத்துவைக்கும் ஃபில்டர் மெல்லத் திறக்கத் திறக்கத் தெளிவடைவதையும், ஓர் அடுக்கு விலகும்போது மற்றவை சட்டென்று நெருங்கி வருவதுபோல் தோன்றுவதையும் அப்போதுதான் கவனிக்கிறோம்.

இதை எனக்குத் தெளிவாக விளக்கியது மிஷெல் கோண்ட்ரி இயக்கிய காணொளி. இசைத்தட்டைப் போன்ற வட்ட மேடையில் ஐந்து கூட்டங்கள் ஆடுகின்றன. பிளாங்கா லீ நடனம் அமைத்தார். குரலுக்கு ரோபோக்கள், பேஸுக்குத் தலை சிறுத்த விளையாட்டு வீரர்கள், உயர்ந்த கீபோர்டு ஒலிக்கு டிஸ்கோ உடைப் பெண்கள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், டிரம் மெஷினுக்கு மம்மிகள். பேஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த வீரர்கள் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். ஒருமுறை எலும்புக்கூடுகளை மட்டும், மறுமுறை மம்மிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் பாடல் வேறொன்றாகக் கேட்டது.

வானொலிக்காகச் சுருக்கிய வடிவத்தில் அந்த வரி 80 முறைதான் வருகிறது. திரும்பச் சொல்வதுதான் குறை என்றால் அது இன்னும் நன்றாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அது பலவீனமாகவே படுகிறது. காது பழகித் திரும்பிப் பார்க்கத் தொடங்கும் வேளையில் அது முடிந்துவிடுகிறது. நீளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: இவ்வகை இசை, ஒரு டிஜே முந்தைய பாடலின் மேல் பொருத்தி நுழைக்கவும், அடுத்ததற்கு வழிவிட்டு வெளியேறவும் இடம் வைத்துச் செய்யப்படுவது. 2007இல் பதிவான ‘அலைவ் 2007’ மேடைத் தொகுப்பில் இதன் மேல் தங்களுடைய ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ பாடலையே அவர்கள் பின்னியிருப்பதைக் கேட்டால் இது விளங்கும். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு முழு வடிவத்தின் கடைசி ஒரு நிமிடம் அதிகம்தான். அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆகவே, கைப்பேசி ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, முழு வடிவத்தை ஹெட்ஃபோனில் ஒரு முறை கேளுங்கள். குரலைப் பொருட்படுத்தாமல் பேஸை மட்டும் முதலிலிருந்து பின்தொடருங்கள். மூன்றாவது நிமிடம் கடந்தும் சலிப்பே மிஞ்சினால், இந்தப் பாடல் உங்களுக்கானது அல்ல என்று தயங்காமல் நிறுத்திவிடலாம்.