இடது கைப் பழக்கமா, வலது கை தயங்குகிறதா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். 20 மாதத்தில்தான் நடந்தான். இப்போது ஓடினால் வலது கால் தரையில் உரசி, தடுக்கி விழுகிறான். பொம்மை, பந்து எதுவானாலும் இடது கையைத்தான் நீட்டுகிறான். ஒரு வயதுக்கு முன்பிருந்தே அப்படித்தான். இடது கைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குழந்தைநல மருத்துவர் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டையும் தொடங்கச் சொல்லியிருக்கிறார். நரம்பியல் மருத்துவரையும் பார்க்கச் சொன்னார்; அதற்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். "என்ன நோய் என்றே தெரியாமல் எதற்கு தெரபி? நானும் தாமதமாகத்தான் நடந்தேன், பொறு" என்கிறார் என் கணவர். இரண்டு தெரபிக்கும் என்ன வித்தியாசம்? ஒரு முறை போனோம், 45 நிமிடமும் அழுதான். வாரம் ஒரு நாள் போனால் போதுமா?

பதில்: நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம் அம்மா. தெரபியை இந்த வாரமே தொடங்குங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வயதை அப்படியே எண்ணக் கூடாது. நிறைமாதம் 40 வாரம். எட்டு வாரம் முன்னால் வந்துவிட்டதால் ஏறக்குறைய இரண்டு மாதத்தைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவன் நடந்தது 18 மாதத்தில். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கில், நூற்றில் 99 குழந்தைகள் 17.6 மாதத்துக்குள் தனியாக நடந்துவிட்டார்கள். உங்கள் பையன் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறான். நடை ஒன்றுதான் தாமதம் என்று எழுதியிருந்தால், கொஞ்சம் பொறுக்கலாமா என்று நானும்கூட யோசித்திருப்பேன்.

ஆனால் கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தையும் இடது கைக்காரனாகவோ வலது கைக்காரனாகவோ ஆகிவிடுவதில்லை. எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கையை நீட்டும். வலப்பக்கம் இருக்கிற பொம்மைக்குக்கூட உடம்பைத் திருப்பி இடது கையை நீட்டுகிறான் என்றால், இடது கை கெட்டிக்காரக் கை என்று எடுத்துக்கொள்வதைவிட வலது கை ஏன் தயங்குகிறது என்றுதான் கேட்க வேண்டும். அதே பக்கத்துக் காலும் உரசுகிறது. குறைமாதத்தில் பிறந்தவன் வேறு. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான் உங்கள் மருத்துவர் உடனே அனுப்பியிருக்கிறார். நல்ல காரியம் செய்திருக்கிறார்.

இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது நாங்கள் முதலில் யோசிப்பது, உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கிற செரிபரல் பால்சி, அதாவது பெருமூளை வாதம். கடிதத்தை வைத்து அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. நேரில் தொட்டுப் பார்த்து, தேவையானால் எம்ஆர்ஐ எடுத்து, நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டியது அது. ஆனால் பெயர் தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: உறுதியாகச் சொல்ல முடியாத நிலையிலும் 'அபாயம் அதிகம்' என்று குறித்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள் என்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது, எலும்பு நீளுகிறது, அசையாத தசை இறுகுகிறது, பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மறக்கிறது. பின்னால் 'ஒன்றுமில்லை' என்று தெரிந்தாலும், சில வாரம் நன்றாக விளையாடியதைத் தவிர அவனுக்கு எந்த இழப்பும் இல்லை.

இரண்டு தெரபியும் ஒன்றல்ல. பிசியோதெரபிஸ்ட் பெரிய அசைவுகளைப் பார்ப்பார்: நடை, ஓட்டம், படி ஏறுவது, சமநிலை, குதிகால் தரையில் படுகிறதா, கணுக்கால் இறுகுகிறதா என்பதெல்லாம். தேவையானால் ஷூவுக்குள் போடும் ஏஎஃப்ஓ என்ற கணுக்கால் தாங்கியையும் அவர் பரிந்துரைப்பார். ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயர்தான் பெற்றோரைக் குழப்புகிறது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் என்று. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை மறுபடி வேலைக்கும் வாழ்க்கைக்கும் திருப்பிய காலத்தில் வேரூன்றிய துறை அது. அங்கே 'தொழில்' என்றால் ஒருவருடைய நாளை நிரப்புகிற காரியங்கள். உங்கள் மகனுக்கு அது விளையாடுவது, தானே சாப்பிடுவது, சாக்ஸைக் கழற்றுவது, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது. அந்தக் காரியங்களில் வலது கையைக் கூட்டாளியாக்குவதுதான் அவர் வேலை. பிசியோ காலுக்கு, ஆக்குபேஷனல் கைக்கு என்று சுருக்கிச் சொல்கிறார்கள். முழுக்கச் சரியில்லை, ஆனால் முதல் நாளுக்கு அது போதும்.

வாரம் ஒரு நாள் போதுமா என்று கேட்டீர்களே, அதை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செரிபரல் பால்சி உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கைவேலையில் ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட ஏறக்குறைய 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி தேவைப்படுகிறது என்று தெரிந்தது. வாரம் 45 நிமிடம் மட்டும் என்றால் 14 மணி நேரம் சேர நாலரை மாதம் ஆகும். வீட்டில் தினமும் 20 நிமிடம் சேர்த்தால்? ஐந்தே வாரத்தில் சேர்ந்துவிடும். அதனால் தெரபிஸ்டின் அறையை, நீங்கள் கற்றுக்கொள்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே வர அனுமதிக்காத இடம் என்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி என்றதும் கையை நீட்டி மடக்கி உருவிவிடுவது என்று நினைக்க வேண்டாம். பிறர் அசைத்து அவன் சும்மா படுத்திருந்தால் மூளைக்கு அதில் பெரிய பாடம் எதுவும் இல்லை. மசாஜ் அவனுக்கு இதமாக இருந்தால் செய்யுங்கள், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவனே ஆசைப்பட்டு, அவனே முயன்று, பாதி தோற்று, மறுபடி செய்வதுதான் பயிற்சி.

ஒரு தெரபிஸ்ட் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் மகனைப் போலவே ஒரு கையை மடியிலேயே வைத்திருந்த சிறுமி. அவர் எதையும் 'செய்' என்று சொல்லவில்லை. அவளுடைய நல்ல கையின் புறங்கையில் பளபளவென்று ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். அவள் பார்த்தாள். கையை உதறினாள். முட்டியில் தேய்த்தாள். வாயைக் கொண்டுபோனாள். கடைசியில் மடியிலிருந்த கை மெல்ல மேலே வந்தது; மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன; ஆள்காட்டி விரல் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கியது. மூன்றாவது முயற்சியில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. உடனே இன்னொன்று கேட்டாள்! புறங்கையில் ஒட்டிய ஸ்டிக்கரை அந்தக் கையாலேயே எடுக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். இதை இன்று சாயங்காலமே நீங்கள் செய்யலாம், பிய்ந்த ஸ்டிக்கர் வாய்க்குள் போகாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் போதும். சோப்புக் குமிழி பாட்டிலும் அப்படித்தான்: ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை திறக்க வேண்டும்.

நல்ல கைக்குக் கையுறை மாட்டி, தயங்கும் கையை வேலைக்கு இழுக்கும் முறையும் உண்டு. பலன் தருவதுதான். ஆனால் எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பதைத் தெரபிஸ்ட் முடிவுசெய்ய வேண்டும். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். அவன் விரக்தியடைந்து எல்லாவற்றையும் வெறுத்துவிடக் கூடும்.

அழுகைக்கு வருகிறேன். முதல் நாள் அழுவது சகஜம். புது இடம், புது ஆள், பெரிய பந்து. தூக்க நேரத்திலும் பசி நேரத்திலும் அழைத்துப் போகாதீர்கள், அவனுக்குப் பிடித்த பொம்மை ஒன்றை எடுத்துப் போங்கள், நீங்கள் கண்ணில் படுகிற தூரத்தில் இருங்கள். நாலைந்து முறைக்குப் பிறகும் முழு நேரமும் அழுகிறான் என்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். "அழுதால்தான் குணமாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுகிற பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை.

தெரபிஸ்டிடம் அடுத்த முறை போனதும், எட்டு வாரத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேளுங்கள். 'கை பலப்படும்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 'குமிழி பாட்டிலை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால் திறப்பான்' என்பது போலக் கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கே போனில் இரண்டு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: வெறுங்காலோடு நடப்பது, தரையில் உட்கார்ந்து விளையாடுவது. எட்டு வாரம் கழித்து ஒப்பிடவும், நரம்பியல் மருத்துவருக்குக் காட்டவும் உதவும். கண், காது பரிசோதனையும் முடியாமல் இருந்தால் முடித்துவிடுங்கள்.

இதற்கிடையில் ஸ்டெம் செல், பிராணவாயு அறை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பிராணவாயு அறையால் இந்தப் பிரச்சினைக்குப் பலனில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை, அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த வேலையை மறக்கத் தொடங்கினாலோ, வலது கை கால் திடீரென்று இன்னும் சோர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காரணமில்லாமல் வாந்தியும் தூக்கக் கலக்கமும் இருந்தாலோ, அந்த இரண்டு மாதத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.